பெரிய மீன் மாட்டினால் தூண்டில் யார் கையில் இருக்க வேண்டும்?

கேட்டிருப்பவர் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு அப்பா. மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள மாமனார் வீட்டுக்கு வருகிறார். எட்டு வயது மகன் தூண்டில் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். ஏற்காடு ஏரிக்குப் போகலாமா, மேட்டூரா, என்னென்ன வாங்க வேண்டும், ஒருவேளை பெரிய மீனாக மாட்டிவிட்டால் அவனால் இழுக்க முடியுமா, இல்லை நானே வாங்கி இழுத்துவிடட்டுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். மீன் போனாலும் போகட்டும், தூண்டில் ராடு அவன் கையிலேயே இருக்கட்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு எடப்பாடிப் பக்கம். சரபங்கா ஆற்றுக் குட்டைகளில் கோவணத்தோடு கெளுத்தி பிடித்து வளர்ந்த ஆள். என் மகனுக்குப் பத்து வயது இருக்கும்போது பூலாம்பட்டிக்குக் கூட்டிப் போனேன். நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போகும் துறைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து சும்மா மிதந்துகொண்டிருந்த தக்கை திடீரென்று காணாமல் போனது. அவன் கையில் ராடு வில்லாக வளைந்துவிட்டது. “விடு விடு, உனக்கு வராது” என்று பிடுங்கினேன். அந்தப் பதற்றத்தில், நரம்பு சுற்றியிருக்கும் ரீலை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். மூன்று எண்ணுவதற்குள் தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்தது. என்ன மீன் என்றுகூடப் பார்க்கவில்லை. அவன் அழவில்லை. “நீங்க வாங்காம இருந்திருந்தா வந்திருக்கும்” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். இன்றைக்கு அவனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, இன்னமும் வீட்டில் மீன் வாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வார்த்தை வரும். வந்திருக்காது என்பது வேறு விஷயம். அந்த நரம்புக்கு அது தாங்காத மீன். ஆனால் அதை இப்போது யாரிடம் நிரூபிப்பது?

ஆகவே கீழே சொல்லப்போகும் இடம், சாமான், நேரம் எல்லாமே ஒரே காரியத்துக்காகத்தான். பெரிய மீன் மாட்டும் அந்தப் பத்து நிமிஷத்தில் நீங்கள் ராடைத் தொடவேண்டிய அவசியமே வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதற்காக.

முதலில் இடம். ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள், தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு, மே மாத வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அந்த ஏரி படகு விடும் ஏரி. விடுமுறையில் மிதிபடகும் துடுப்புப் படகும் சந்தைக்கடை மாதிரி இருக்கும். கூட்டத்தில் தூண்டில் முள்ளைச் சுழற்றி வீசுவது யார் கண்ணுக்கும் நல்லதில்லை. பையனைப் படகில் ஏற்றுங்கள், மக்காச்சோளம் வாங்கிக் கொடுங்கள், கீழே வந்துவிடுங்கள். சேர்வராயன் மலைக்கும் மீனுக்கும் உள்ள உறவு மலைக்குக் கீழேதான் இருக்கிறது. திருமணிமுத்தாறு, சரபங்கா, தருமபுரிப் பக்கம் இறங்கும் வாணியாறு எல்லாம் அந்த மலையில் பிறந்தவைதான்.

சேலம் டவுனுக்குள் ஏரிகளுக்குக் குறைவில்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரி அஸ்தம்பட்டியிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். நடுவே மண்திட்டுகள், அதில் மரங்கள், காலையில் போனால் நாரையும் நீர்க்காகமும் மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். பையனுக்கு முதல் பாடமே அதுதான், நீர்க்காகம் முங்கும் இடத்தில் மீன் இருக்கிறது என்று. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருமணிமுத்தாற்றில் சாக்கடையும் சாயத் தண்ணீரும் கலந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தத் தண்ணீர் சேரும் குட்டைகளில் பிடித்த மீனைக் குழந்தைக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

மேட்டூர் பெரிய ஆசைதான். 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடி உயரத்துக்குத் தண்ணீர், கொள்ளளவு 93.47 டிஎம்சி. கட்லா, ரோகு, மிர்கால், கல்பாசு, அரஞ்சான், கெளுத்தி, வாளை என்று இல்லாத மீன் இல்லை. ஆனால் அந்த நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பது மீன்வளத் துறையிடம் உரிமம் வாங்கிய பரிசல்காரர்களின் பிழைப்பு. நாம் போய்க் கரையில் கடை விரிப்பது முறையில்லை. அணைக்கும் மதகுக்கும் பக்கத்தில் பாதுகாப்புக் காரணத்துக்காகவே விடமாட்டார்கள். ஒகேனக்கல்லிலிருந்து மேட்டூர் நீர்ப்பிடிப்புப் பகுதி வரைக்கும் காவிரியில் முதலையும் உண்டு. அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். ஆகவே மேட்டூருக்கும் தூண்டில் இல்லாமல் போங்கள். கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தால் பண்ணவாடிப் பக்கம் போய்ப் பாருங்கள், அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். அப்புறம் அணைப் பூங்காப் பக்கம் வந்து வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

அப்படியானால் தூண்டில் எங்கே? வாழப்பாடிப் பக்கம். உங்களுக்கு அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனைமடுவு, கரியகோவில் என்று இரண்டு சின்ன அணைகள், அவற்றால் நிரம்பும் ஏரிகள், வசிஷ்ட நதி ஓரத்து ஊர்கள். அணையில் வேண்டாம், ஏரியில். கிராமத்து ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகுக் குஞ்சு விட்டு வளர்ப்பார். டீக்கடையில் கேட்டால் யார் என்று சொல்லிவிடுவார்கள். முந்தின நாளே போய் அவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். “பையன் ஆசைப்படறானுங்க, ரெண்டு மணி நேரம் தூண்டில் போட்டுக்கறோம், புடிக்கறதுக்கு எடை போட்டுக் காசு குடுத்தர்றோமுங்க” என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் போய் உட்கார்ந்தீர்களானால் திருட்டு மீன் பிடித்ததாகத்தான் ஊர் சொல்லும், அதில் தப்பும் இல்லை. மே மாதத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்தக் குத்தகைகள் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டுக் கணக்கில், ஜூலை தொடங்கி ஜூனில் முடியும். தண்ணீர் வற்ற வற்ற மீன் ஓரிடத்தில் கூடும், குத்தகைதாரரும் வலை இழுத்து விற்றுத் தீர்க்கிற அவசரத்தில் இருப்பார். பெரிய மீன் மாட்ட வாய்ப்புள்ள மாதம் அது.

ஏரியில் ஒன்றே ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். வண்டல் மண் அள்ளிய பள்ளங்கள். மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், அடுத்த எட்டு வைத்தால் ஆள் மட்டத்துக்கு மேல் இருக்கும். நம் பக்கத்தில் ஏரியில் பிள்ளைகள் மூழ்கிப் போய்ச் சேருவது பெரும்பாலும் இந்தப் பள்ளங்களில்தான். மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள், எந்த ஓரம் சரிவு, எந்த ஓரம் பள்ளம் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மடைக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். பையனுக்கு நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள். பின்கழுத்துக்குக் கீழே பிடித்துத் தூக்க ஒரு பட்டை இருக்கும், அது உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாமான் விஷயத்தில் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. இரண்டு தூண்டில் வேண்டும். ஒன்று நல்ல மூங்கில் குச்சி, நுனியில் அதே நீளத்துக்கு மெல்லிய தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டிலோ தெர்மாக்கோலிலோ ஒரு தக்கை, பொடி முள், மிளகு அளவு ஈயம். முதல் நாள் இதுதான். இன்னொன்று ஐந்தரை, ஆறு அடி ராடு, ஒரு சாதாரண ரீல், ஆறு கிலோ தாங்கும் நரம்பு. பெரியவர்கள் ராடை எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தால் மீனோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அவன் ராடோடு மல்லுக்கட்டுவான்.

ரீலில் டிராக் என்று ஒரு திருகு இருக்கும். எவ்வளவு இழுவை வந்தால் நரம்பைத் தானாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அன்றைக்குப் பூலாம்பட்டியில் நான் கோட்டைவிட்டது அந்தத் திருகில்தான். கைத்தராசு இருக்குமே, ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்பது, அதை நரம்பு நுனியில் மாட்டி வீட்டிலேயே இழுத்துப் பாருங்கள். ஆறு கிலோ நரம்புக்கு ஒன்றரைக் கிலோவில் ரீல் கர்ரென்று விட ஆரம்பிக்க வேண்டும். நாலில் ஒரு பங்கு. முடிச்சு போட்ட இடத்தில் நரம்பின் பலம் குறைந்துபோகும், ராடு வளைவும் தண்ணீரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் இழுக்கும், அதற்குத்தான் இந்த விட்டுக்கொடுப்பு. வைத்த பிறகு அந்தத் திருகை யாரும் தொடக்கூடாது, முக்கியமாக நீங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசலில் சூடாகி அங்கேயே பலவீனமாகிவிடும்.

முள்ளின் உள்பக்கம் ஒரு சின்ன நாக்கு இருக்கும், மீன் கழன்றுவிடாமல் இருக்க. அதைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு தப்பும், பரவாயில்லை. பையன் விரலில் ஏறினால் சுலபமாக வெளியே வரும். நாக்கு அழுத்தாத முள் உள்ளே இறங்கிவிட்டால் இழுக்காதீர்கள், அப்படியே வாழப்பாடி ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து, டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இவற்றோடு வாய் அகலமான கைவலை ஒன்று அவசியம். பெரிய மீனைக் கரையில் தவறவிடுவதில் பாதி, வலை இல்லாமல் கையால் அள்ளப் போவதால்தான்.

இனி மீன். முதல் மீன் சின்ன மீனாக இருக்க வேண்டும், சீக்கிரம் மாட்ட வேண்டும். பிள்ளைகளின் பொறுமை அரை மணி நேரம். அதற்கென்றே கடவுள் அனுப்பியது ஜிலேபி. கடவுள் என்ன, 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்க மீன்தான் அது. திலேப்பியா என்ற பெயர் நம் வாயில் ஜிலேபி ஆகிவிட்டது. எந்த அழுக்குத் தண்ணீரிலும் பெருகும், நாட்டு மீன் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனால் மண்புழுத் துண்டைப் போட்ட ஐந்தாவது நிமிஷம் தக்கையைக் குத்தும். எட்டு வயதுக்கு அது போதும். முதுகுத் துடுப்பு முள் குத்தும், தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவித் துடுப்பை மடக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். சில நேரம் தாய் மீன் மாட்டினால் வாயிலிருந்து கடுகு போல முட்டையோ பொடிக் குஞ்சுகளோ கொட்டும். தின்றது இல்லை, காப்பாற்றுவது. முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். அந்தத் தாயைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று பையனே சொல்வான், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மீசையுள்ள மீன் எது வந்தாலும் பையன் தொடக்கூடாது. கெளுத்தி பக்கத் துடுப்பு முள்ளை விறைத்துக்கொண்டு நிற்கும், தேளி குத்தினால் பெயருக்கேற்ற வலி. குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் கடுப்பு குறையும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது டீக்கு மட்டும் இல்லை. விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு நின்றால் அங்கே தூண்டில் போடாதீர்கள், எங்கள் ஊரில் அதைப் பாவம் என்பார்கள்.

மூன்று நான்கு ஜிலேபி பிடித்துக் கை பழகிய பிறகு ராடை எடுங்கள். கட்லா மேல் தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் தரையில். கட்லாவின் வாயைப் பார்த்தாலே தெரியும், மேல்நோக்கித் திறந்திருக்கும். ஆகவே தக்கையிலிருந்து முள் ரொம்ப ஆழத்துக்குப் போக வேண்டாம். கடலைப் புண்ணாக்கை முதல் நாள் ராத்திரி ஊறவைத்து, தவிடு சேர்த்துப் பிசைந்து, ஓரிடத்தில் எலுமிச்சை அளவு உருண்டைகளாக ஐந்தாறு வீசுங்கள். முள்ளுக்கு மைதாவும் பொட்டுக்கடலை மாவும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்த உருண்டை. என் மனைவி இதில் ஏலக்காய் போடுவாள். மீனுக்கு ஏலக்காய் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது, அவள் மாவை மாற்றச் சொல்லும் தைரியமும் இல்லை.

இப்போது பெரிய மீன். போன வருஷத்துக்கு முந்தின கோடையில், வாழப்பாடிக்குப் பக்கத்து ஏரி ஒன்றில், மகள் வயிற்றுப் பேத்தியோடு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒன்பது வயது. காலை ஏழரை மணி இருக்கும். தக்கை முதலில் நடுங்கியது, அப்புறம் சாய்ந்து படுத்தது, அப்புறம் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. ஜிலேபியின் வெடுக் வெடுக் இதில் இல்லை. “இப்ப தூக்கு கண்ணு” என்றேன். தூக்கினாள். ரீல் அலறியது.

“அப்புச்சி, இழுக்குது! என்னையே இழுக்குது!”

என் கை தானாக ராடை நோக்கிப் போனது. பொய் சொல்லவில்லை, பாதி தூரம் போய்விட்டது. அந்தக் கையை அவள் லைஃப் ஜாக்கெட் பட்டையில் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பட்டையின் முதல் உபயோகம் பிள்ளை தண்ணீருக்குள் போகாமல் பிடிக்க. இரண்டாவது உபயோகம், உங்கள் கைக்கு ஒரு வேலை கொடுக்க.

பிள்ளையை உட்கார வைத்துவிடுங்கள். நின்றால் முன்னால் போய்விடும். காலை மண்ணில் ஊன்றி, துண்டைச் சுருட்டி அடிவயிற்றில் வைத்து, ராடின் அடியை அதில் முட்டுக் கொடுக்கட்டும். நுனி எப்போதும் மேலே இருக்க வேண்டும். நரம்பைக் கையால் பிடிக்கக்கூடாது, ஓடுகிற நரம்பு பிளேடு மாதிரி அறுக்கும். அந்த நேரத்தில் நீளமாகப் பாடம் எடுத்தால் காதில் ஏறாது. நான் அவளுக்கு முந்தின நாளே சொல்லி வைத்தது நாலு வார்த்தை: “ஓடுனா விடு, நின்னா சுத்து.” மீன் ஓடும்போது ரீலைச் சுற்றினால் நரம்புதான் முறுக்கிக்கொள்ளும், மீன் வராது. நிற்கும்போது ராடை மெல்ல உயர்த்தி, இறக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

ஆறேழு நிமிஷத்தில் “கை வலிக்குது அப்புச்சி, நீங்க புடிங்க” என்றாள். வாங்கவில்லை. அவள் இடது கைக்கு முன்னால் என் உள்ளங்கையை ராடுக்கு அடியில் தாங்கலாக வைத்தேன், பாரம் குறையும்படி. ரீல் கைப்பிடி அவளிடமே. பிள்ளையே கேட்டால் இந்த அளவுக்கு உதவலாம். அவளுக்கு உதவி கிடைத்தது, மீனும் அவளுடையதாகவே இருந்தது. எங்களைச் சுற்றி அதற்குள் ஆடு மேய்க்கிறவர்கள் மூன்று பேர் கூடிவிட்டார்கள், மூன்று பேரும் மூன்று யோசனை சொன்னார்கள். “நரம்பப் புடிச்சு இழுங்க சாமி, வந்துரும்” என்றார் ஒருவர். அப்படித்தான் போகும்.

மீன் முதல்முறை தலையைக் காட்டும்போது முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கரையையும் ஆளையும் பார்த்ததும் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும். அறுவது பெரும்பாலும் அப்போதுதான். அவள் மீனும் ஓடியது, இரண்டு தடவை. வலையை முன்னாடியே தண்ணீருக்குள் இறக்கி ஆடாமல் வைத்திருக்க வேண்டும். மீனைத் துரத்தி வலை வீசக்கூடாது, மீனைத்தான் வலைக்கு மேல் கொண்டுவர வேண்டும், தலை முதலில். வலை என் மருமகன் கையில் இருந்தது. அவர் முழங்கால் தண்ணீரில் பேன்ட்டோடு நின்றார். மீன் சாய்ந்து வெள்ளி வயிற்றைக் காட்டியதும் ஒரே தூக்கு.

கட்லா. செதில் ஒவ்வொன்றும் பழைய எட்டணாக் காசு அளவு. தலை மட்டுமே என் இரண்டு கை அகலம். பேத்தி கத்தவில்லை, குதிக்கவில்லை. ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அதன் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பல்லே இல்ல” என்றாள். கெண்டை இனத்துக்கு வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கும். போட்டோ எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மீன் என்ன எடை என்று கேட்பான் என்று பார்த்தால், “யார் இழுத்தது?” என்று கேட்டான்.

தராசு இல்லாமல் எடை கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தையல் டேப் ஒன்று கொண்டுபோங்கள். மீனின் நீளம் சென்டிமீட்டரில், பெருத்த இடத்தில் உடம்பின் சுற்றளவு சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 29,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். அவள் மீன் நீளம் 60, சுற்றளவு 48. மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டாள். நாலே முக்கால் கிலோ வந்தது. குத்தகைக்காரர் தராசில் 4 கிலோ 600. தராசுதான் தப்பு என்று அவரிடமே சண்டை போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, “சரி, உன்ற கணக்குக்கே காசு வாங்கிக்கறேன்” என்றதும் அடங்கினாள்.

கொண்டுபோவதா, திருப்பி விடுவதா என்பது உங்கள் இஷ்டம், குத்தகைக்காரர் இஷ்டமும்கூட. விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், வெயில் மண்ணில் போடாதீர்கள், தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்து அதுவாக நீந்தும் வரை காத்திருங்கள். ஒரே ஒரு மீன் மட்டும் விடவே கூடாது: ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது, மற்றதையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

கொண்டுபோனால், அறுப்பதைப் பையன் பார்க்கட்டும். நீளமாக வெள்ளைப் பலூன் மாதிரி காற்றுப்பை வரும், கையில் கொடுங்கள். பித்தப்பையை மட்டும் உடையாமல் எடுத்து எறியச் சொல்லுங்கள். உடைந்தால் குழம்பே கசக்கும். யாராவது பெரியவர் அதை மருந்து என்று பச்சையாக விழுங்கச் சொன்னால் கேட்காதீர்கள். கெண்டை இனத்துப் பித்தம் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும், ரோகுவின் பித்தப்பையை விழுங்கி டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு. பையனுக்கு வயிற்றுத் துண்டைப் போடுங்கள், அதில் விலா முள் மட்டும்தான், பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும். வால் துண்டில் மயிர் மாதிரி முள் நிறைய இருக்கும், அது பெரியவர்களுக்கு.

காலை ஆறுக்கெல்லாம் கரையில் இருங்கள், ஒன்பதரைக்கு மூட்டை கட்டிவிடுங்கள். அதற்கு மேல் சேலத்து மே மாத வெயிலில் மீனும் சாப்பிடாது, பிள்ளையும் தாங்காது. ஒன்றுமே மாட்டாத நாளும் வரும், அன்றைக்கு வாழப்பாடியில் புரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள்.

எங்கள் வீட்டில் அன்று மத்தியானம் அவள் அம்மாயி, அதாவது என் மனைவி, புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்துக் குழம்பு வைத்தாள். நான் புடிச்ச மீன், தலை எனக்குத்தான் என்று பேத்தி தட்டை முன்னால் நீட்டினாள். பெரிய தலை, தட்டை விட்டு வெளியே நின்றது. ஐந்து நிமிஷம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்புறம் மெதுவாக என் தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.